தீர்ப்புக்கு முன்னால் அடித்த மணி

அந்தத் தேதி மட்டும் ஆகாது தம்பி. அன்னைக்கு எனக்கு வயிறு சரியிருக்காது.

சிரிக்காதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு வர்ற ஒரு திங்கட்கிழமை வயிறு கெடும்னு இந்த ஆளுக்கு இப்பவே எப்படித் தெரியும்னுதானே பார்க்கிறீங்க? தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, சொல்லிவெச்ச மாதிரி கெடும். அதுக்கு முந்தின நாள் வைங்க, மறுநாள் வைங்க, முசிறிக்கு நடந்தேகூட வர்றேன். அந்த ஒரு நாள் வேண்டாம். உட்காருங்க முதல்ல. ஐயையோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுல பொன்னாடை காயுது. இதுல உட்காருங்க.

இருங்க, மணி அடிக்குது.

வந்துட்டேன். ஃபேனைக் கூட்டச் சொன்னா, அவ்வளவுதான். என் சம்சாரம். ஒரு தடவை அடிச்சா தண்ணி, ஃபேன், இந்த மாதிரி சில்லறை வேலை. ரெண்டு தடவை அடிச்சா அவ எழுந்திருக்கணும், நான் கை கொடுக்கணும். மூணு தடவை அடிச்சா பேச்சை நிறுத்தணும். அது அவ தம்பிக்காக வெச்சது. அவன் ஒருத்தன், வாயைத் திறந்தா மூடமாட்டான். அவனும் வருவான் கதையில.

அந்த மணி யாரோடதுங்கறீங்க? என்னோடது தம்பி. லால்குடி இலக்கிய வட்டத்துல 'சிரிப்புச் செம்மல்'னு பட்டம் கொடுத்து, கூடவே கொடுத்த பித்தளை மணி. பேச்சாளர் நேரம் தாண்டினா நடுவர் டிங்குனு தட்டுவார் இல்லையா, அது. எத்தனை புலவர் பெருமக்களை அந்த மணியால உட்கார வெச்சிருக்கேன்! மின்வாரியத்துல கணக்கு அதிகாரியா இருந்தேன், சம்பளம் அங்கே வாங்கினேன். ஆனா நாலு பேர் என்னைப் பார்த்து எழுந்து நின்னது அந்த மணியாலதான்.

உங்ககிட்ட சொல்றதுல ஒண்ணுமில்லை. தாயுமானவனுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு, கூப்பிட்டா வரமாட்டேங்கறான்னு உங்க விழாக் குழுவுல பேச்சு வரக்கூடாது பாருங்க. விஷயம் இதுதான்: என் மேடை வாழ்க்கையில தீர்ப்பே இல்லாம முடிஞ்ச பட்டிமன்றம் ஒண்ணே ஒண்ணு. அது இந்த ஹால்ல, நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் நடந்தது.

எல்லாம் மிளகாய்ப் பொடியில ஆரம்பிச்சது. என் சம்சாரம் வசுமதி நடுநிலைப் பள்ளியில கணக்கு டீச்சரா இருந்தவ. ஒரு நாள் மிளகாய்ப் பொடி டப்பாவைத் தூக்கிக்கிட்டு மில்லுக்குப் போய்ச் சண்டை பிடிச்சா. "சிவப்பே இல்லையே, மரத்தூளைப் போட்டு அரைச்சியா?" மில்காரர் சொல்றார், "டீச்சர், உங்களைத் தவிர எல்லாருக்கும் சிவப்பாத்தான் இருக்கு." அந்த வாரமே துறையூர் மேடையில எடுத்து விட்டேன். "என் மனைவி கண்ணுக்கு இப்ப எல்லாமே வெளுத்துப் போச்சுங்க, என் சாயத்தைத்தான் முதல்ல வெளுக்க வெச்சா"ன்னேன். கூட்டம் புரண்டு சிரிச்சது. அப்புறம் ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் ஒரு கால் செருப்பில்லாம நடந்து வந்தா. கழண்டு விழுந்ததே தெரியலையாம். அதையும் சொன்னேன். கைதட்டல்னா அப்படியொரு கைதட்டல். வீட்டுக்குள்ளேயே இவ்வளவு நல்ல சரக்கு கிடைக்கும்போது எந்த மனுஷனுக்குத் தம்பி டாக்டர் ஞாபகம் வரும்?

அவளே போனா. கண் டாக்டர் நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினார், அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எம்.எஸ்.னு சுருக்கமா சொல்றாங்க. நம்ம மின்வாரிய பாஷையில சொன்னா சுலபமா புரியும். ஒயருக்கு மேல ரப்பர் உறை இருக்குல்ல, அதே மாதிரி நரம்புக்கும் ஒரு உறை. உடம்பைக் காவல் காக்கற சிப்பாயே அந்த உறையைப் பகையாளின்னு நினைச்சு அங்கங்கே கடிச்சு வெச்சுடறான். கரண்ட்டு போற வழியில கசியுது. இடது கண்ணு பாதி மங்கல், வலது கால் இழுவை, வெயில் ஏறினா ரெண்டும் கூடுது. திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததா?

அந்த நரம்பு டாக்டர் பெலிக்ஸ்னு பேரு. இவ்வளவு படிச்சவர், சுவர் பூரா சர்டிபிகேட். நான் கேட்டேன், "டாக்டர், போன பார்வை முழுசா திரும்புமா?" "தெரியாது"ங்கறார். "நீங்க சொல்ற இந்த ஊசி போட்டா இனிமே வராதா?" "வர்றது குறையும். வரவே வராதுன்னு சொல்ல முடியாது"ங்கறார். "நாள் மட்டும் தள்ளாதீங்க"ங்கறார். "அடுத்த தாக்குதல் எப்ப வரும்?"னு நான் கேட்கலை, அவரே கேட்டுக்கிட்டு அவரே, "அதுவும் தெரியாது"ங்கறார். நான் வெளியே வந்து சொன்னேன், "வசு, இந்த ஆளு சரிப்படமாட்டார். மேடையில நான் ஒரு நாளாவது தெரியாதுன்னு சொல்லியிருக்கேனா?" அவ ஆட்டோவுல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆம்பளையைக் கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தான் பார்க்கறேன்"னா. யாரைக் குத்திக் காட்டினாளோ, எனக்கு விளங்கலை. அவ அப்பா கொஞ்சம் அப்படித்தான், எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவார்.

இப்ப வர்றான் அவ தம்பி திருமேனி. டிராவல்ஸ் வெச்சிருக்கான், வேன், கார். அக்கான்னா உயிர். அவன் கையில ஒரு வீடியோ. ஒரு பொண்ணு சக்கர நாற்காலியில உட்கார்ந்திருக்கா, அடுத்த காட்சியில கும்மி அடிக்கறா. வெளியூர்ல ஒரு மையமாம், ஸ்டெம் செல்லுங்கற புது சிகிச்சையாம். நம்ம உடம்புலேர்ந்தே எடுத்து, நம்ம உடம்புக்கே திருப்பிப் போடுறாங்களாம். "அத்தான், வெளியாள் சரக்கு ஒரு சொட்டுக் கிடையாது, எல்லாம் அக்காவோட சொந்தச் சரக்கு, இதுல என்ன கெட்டுப்போயிடும்?"னான். திங்கட்கிழமை ராத்திரி ரயிலுக்கு மூணு பேருக்கு டிக்கெட்டும் போட்டுட்டான்.

என் மக யாழ்நங்கை புனேயில மருந்துக் கம்பெனியில வேலை பார்க்கறா. அவ காதுக்கு இது போச்சு. அவ்வளவுதான், குடும்ப வாட்ஸ்அப் குழுவுல தீப்பிடிச்சுது. காலையில எழுந்தா மாமன் ஒரு வீடியோ, மருமக ஒரு கட்டுரை. இவன் அழற பொம்மை போடுவான், அவ அட்டவணை போடுவா. வசுமதி ஒண்ணும் போடமாட்டா. பார்ப்பா, வெச்சுடுவா.

நான் யாரு? நடுவர். ரெண்டு பேர் கட்டிப் புரளும்போது கைகட்டி நிற்கறதுக்கா அந்தப் பட்டத்தைக் கொடுத்தாங்க? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹால்ல மேஜை போட்டேன். தண்ணி டம்ளர், மணி, எல்லாம் முறைப்படி. தலைப்பு நானே வெச்சேன்: 'நோயாளிக்குப் பெரிதும் கைகொடுப்பது சோதனை மருத்துவமா, சோதித்த மருத்துவமா?' எப்படி? நல்லா இருக்குல்ல? வேணும்னா உங்க திருவிழாவுக்கே எடுத்துக்குங்க.

வசுமதிக்கு முதல் வரிசை. முதல் வரிசையே அவ ஒருத்திதான், சோபா. திருமேனி நேர்ல. யாழ்நங்கை வீடியோ கால்ல, போனை எவர்சில்வர் செம்புல சாய்ச்சு வெச்சிருந்தோம். மரபு மீறக்கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினேன். போன்லேர்ந்து குரல் வருது, "அப்பா, இருட்டா இருக்குப்பா, எடுங்கப்பா அதை."

திருமேனி எழுந்தான். "நடுவர் அத்தான் அவர்களே, எங்க அக்கா அவர்களே"ன்னு ஆரம்பிச்சான். கேலியில்லை தம்பி, நல்லாவே பேசினான். "எந்த மருந்துமே ஒரு நாள் சோதனை மருந்துதானே? முதல் ஆளு துணிஞ்சு போடாம ரெண்டாவது ஆளுக்கு எப்படி வந்தது? டாக்டர் ஊசி என்ன செய்யும்? உள்ளதை உள்ளபடி வெச்சிருக்கும், அவ்வளவுதான். எங்க அக்கா இப்படியே இருக்கணுமா? ஓடிப் பிடிச்சு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அடிச்சு இழுத்துக்கிட்டுப் போன அக்கா... நடுவரே... அத்தான்..." கண்ணைத் துடைச்சுக்கிட்டான். நான் மணி அடிச்சேன். நேரம் முடிஞ்சுது, என்ன செய்யறது?

அடுத்து போன். "மாமா, ஸ்டெம் செல் பொய்னு நான் சொல்லலை. பெரிய ஆஸ்பத்திரியில, கீமோ மருந்து கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுத்து செய்யறது ஒண்ணு இருக்கு. அது ஆபத்தான வேலை, சில பேருக்குத்தான். அம்மாவுக்கு அது வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார். உங்க ஆளுங்க செய்யறது அது இல்லை. அவங்க எத்தனை பேருக்குப் போட்டாங்க, எத்தனை பேருக்குச் சரியாச்சு, எத்தனை பேருக்கு மோசமாச்சு? கேட்டீங்களா?"

"ஒருத்தி கும்மி அடிக்கறாளே பாப்பா!"

"அடிக்காதவங்களை யாரு மாமா வீடியோ எடுப்பாங்க? நிஜமான ஆய்வுன்னா நோயாளிகிட்ட காசு வாங்கமாட்டாங்க. சரியாகும்னு சத்தியமும் பண்ணமாட்டாங்க. உங்க ஆளு ரெண்டும் பண்றான்."

"உங்கப்பாதான் உன்னைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பி அனுப்பிக் கெடுத்துட்டாரு."

"மாமா, இது போட்டியில்லை, எங்கம்மா—" அந்த இடத்துல நெட்வொர்க் நின்னுடுச்சு. வாயைத் திறந்தபடியே நிக்கறா. நான் முறைப்படி போனுக்கும் மணி அடிச்சேன்.

இப்ப என் முறை. ஒரு நடுவருக்கு ஒரே சட்டம்தான் தம்பி: ரெண்டு அணியும் ஜெயிச்சதா நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகணும். கற்பு பெரிசா காதல் பெரிசான்னு கேட்டா, ரெண்டும். அம்மாவா மனைவியான்னா, ரெண்டும். இதுக்கும் அப்படியே ஒரு அழகான தீர்ப்பு தயார் பண்ணி வெச்சிருந்தேன். தண்ணி குடிச்சேன். எழுந்து நின்னேன். "ஒரு பக்கம் பாசம், ஒரு பக்கம் படிப்பு. ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ள முடியுமா? இரு அணியினரும் என் இரு கண்கள்..."

டிங்.

நான் என் கையைப் பார்க்கறேன். நான் அடிக்கலை. வசுமதி சோபாவை விட்டு எழுந்து, மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. மணி மேல அவ கை.

"எந்தக் கண்ணுங்க?"ன்னா.

"என்னது?"

"ரெண்டு அணியும் ரெண்டு கண்ணுன்னீங்களே. மங்கினது எந்த அணி?"

அது ஒரு மேடை வழக்கு தம்பி. எல்லா நடுவரும் சொல்றதுதான். நான் வேற எதையும் மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லலை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இன்னொரு டிங்.

அவ தம்பியைப் பார்த்துச் சொன்னா, "அழாதடா. அந்தப் பொண்ணு நல்லா கும்மி அடிக்கட்டும். எனக்குக் கும்மி வேண்டாம். பாத்ரூம் வரைக்கும் நானா நடந்து போகணும், இப்பப் போறேன், இனிமேயும் போகணும். உள்ளதை உள்ளபடி வெச்சிருக்கும்னியே, அதுதான்டா எனக்கு வேணும். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு." அப்புறம் எங்க எல்லாருக்கும் பொதுவா சொன்னா. "நாளைக்குக் காலையில எனக்கு ஊசி ஏத்தறாங்க. போன வாரமே பெலிக்ஸ் டாக்டர்கிட்ட பேசிட்டேன். பெட் சொல்லியாச்சு. காலையில படுத்தா சாயங்காலம் ஆகுமாம். இவ்வளவு நேரம் பேசினீங்களே, அதுல ஒருத்தராவது 'உனக்கு என்ன வேணும்'னு என்னைக் கேட்டீங்களா? போகட்டும். இப்ப நான் ஒண்ணு கேட்கறேன். நாளைக்குக் கூட யாரு வர்றீங்க?"

பாருங்க தம்பி, இது தலைப்புலேயே இல்லாத கேள்வி. திருமேனிக்கு மறுநாள் ஒரு கல்யாண பார்ட்டி, வேன் எல்லாம் பேசியாச்சு. யாழ்நங்கைக்கு நெட்வொர்க் வந்து, "அம்மா, நான் ராத்திரி ஃப்ளைட் பிடிச்சு வரட்டுமா?"ங்கறா. "உன் பிள்ளைக்குக் காய்ச்சல், நீ அங்கேயே இரு"ன்னுட்டா. அப்புறம் என்னைப் பார்த்தா. எனக்கு மணப்பாறையில கல்லூரி முத்தமிழ் விழா! நோட்டீஸ் அடிச்சு, என் போட்டோ போட்டு... நான் இதை விளக்கமா எடுத்துச் சொன்னேன். அவ மணியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா. தீர்ப்பு சொல்லாத நடுவரா அந்த மேஜையில நான் தனியா நின்னேன். போன் மட்டும் பொன்னாடையோட. "அப்பா, நீங்க ஒரு ஆளுப்பா"ன்னு சொல்லிட்டு அதுவும் வெச்சிருச்சு. பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

மறுநாள் காலையில அவளா ஆட்டோ பிடிச்சுப் போனா. நான் மணப்பாறைக்கு பஸ் ஏறினேன். தலைப்பு, 'குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா? மனைவியா?' எனக்கு அல்வா சாப்பிடற மாதிரி. பிள்ளைங்க நிறைஞ்ச அரங்கு. மணிக்கு பதிலா ஸ்பூனால டம்ளரைத் தட்டிக்கிட்டிருந்தேன். முன்னுரையில அந்தச் செருப்பு ஜோக்கை எடுத்தேன். "என் மனைவி ஒரு கால் செருப்பைத் தொலைச்சுட்டு..."ன்னதும் அரங்கமே அதிருது. சிரிச்சு முடிக்கட்டும்னு நிறுத்தினேன். அவங்க முடிச்சாங்க. நான் அடுத்த வரிக்குப் போகணும். அந்த நேரம் பார்த்து வயிறு.

வயிறுதான் தம்பி. காலையில பஸ் ஸ்டாண்டுல சாப்பிட்ட பொங்கல் சரியில்லை. மேடையில நிக்கவே முடியலை. கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னா பாருங்க, அவ்வளவு வலி. தமிழ்த் துறைத் தலைவர்கிட்ட, "நீங்களே நடுவரா உட்கார்ந்துடுங்க, தீர்ப்பு ரெண்டு பேருக்கும் கொடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு இறங்கி, பஸ்ஸைப் பிடிச்சேன். வயிறு சரியில்லாதவன் ஆஸ்பத்திரிக்குத்தானே போவான்? போனேன். போன இடத்துல அவ இருந்தா.

மேல ஒரு நீள ஹால். கையில ட்ரிப்ஸ், சொட்டு சொட்டா இறங்குது. பக்கத்து ஸ்டூல்ல என் மணி. கண்ணை மூடியிருந்தவ காலடிச் சத்தத்துல திறந்தா. "தீர்ப்பு சொல்லிட்டு வந்தாச்சா?"ன்னா. "இல்லை, வயிறு சரியில்லை"ன்னேன். "உட்காருங்க. அந்தப் பக்கம் இல்லை, வலது பக்கம். இந்தக் கண்ணுக்குத்தான் நீங்க தெரிவீங்க"ன்னா. உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் பேசவேயில்லை. என் வாழ்க்கையிலேயே நான் பேசாம உட்கார்ந்திருந்த நீளமான நிகழ்ச்சி அதுதான். எப்படிப் போச்சுன்னே தெரியலை, வயிறும் தானா சரியாயிடுச்சு. டிபன் கேரியரோட திருமேனி வந்து நிக்கறான். கல்யாண பார்ட்டியை டிரைவர்கிட்ட விட்டுட்டு வந்திருக்கான். "வயிறு சரியில்லையா?"ன்னேன். "இல்லையே அத்தான்"ங்கறான், முழிச்சுக்கிட்டு.

அதுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஊசி போடற அன்னைக்கெல்லாம் எனக்கு வயிறு கெட்டுடும்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. அதே ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வு நடக்குது. ஊசியோட கூட ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. காசு கிடையாது, பலன் இருக்கும்னு வாக்குறுதியும் கிடையாது. யாழ்நங்கை ஒரு ராத்திரி பூரா அந்தத் தாள்களைப் படிச்சுட்டுச் சரின்னா. வசுமதி சேர்ந்துட்டா. "எனக்கு உதவாட்டியும் போகுது, மிளகாய்ப் பொடி வெளுத்துப்போற இன்னொருத்திக்குக் கணக்கு சரியா கிடைக்கும்ல"ங்கறா. நிம்மதியா முழுங்கிட்டுப் போறா. எனக்குத்தான் மண்டை வெடிக்குது. மருந்தா மாவான்னு பெலிக்ஸ் டாக்டர் காதுல ரகசியமா கேட்டேன். "தெரியாது"ன்னு சந்தோஷமா சிரிக்கறார்.

ஆனா நீங்களே சொல்லுங்க, நியாயமா சொல்லுங்க. சோதிச்ச ஊசியும் போட்டுக்கறா, சோதனை மாத்திரையும் சாப்பிடறா. அப்ப ரெண்டு அணியும் ஜெயிச்சதுன்னுதானே ஆச்சு? நான் அன்னைக்கு என்ன சொல்ல வந்தேன்? அதைத்தானே சொல்ல வந்தேன்! முழுசா சொல்ல விட்டிருந்தா? இன்னைக்கு வரைக்கும் அவ அதை ஒத்துக்கலை. அதுதான் தம்பி என் மனக்குறை. வேற ஒண்ணுமில்லை.

சரி, தேதியை மாத்திட்டுச் சொல்லுங்க. இன்னொரு சின்ன விண்ணப்பம். பொன்னாடைன்னு ஜரிகை போட்டது வேண்டாம். வெயில் ஏறினா அவளுக்குக் கால் துவண்டுடும், நனைச்சுத் தோள்ல போர்த்திக்கறா. ஜரிகைப் பொன்னாடை தண்ணியை இழுக்கவே மாட்டேங்குது, குத்துது வேற. எனக்கு மரியாதை பண்றதுன்னா நல்ல பருத்தித் துண்டா, கெட்டியா, ரெண்டு போர்த்தச் சொல்லுங்க. வீட்டைப் பத்தி நான் இப்ப சொல்ற ஜோக்கும் வேற. செருப்பு ஜோக்கை எடுத்துட்டேன், அது கொஞ்சம் பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு இருக்கு, மேடைக்குத்தான் வெச்சிருக்கேன், உங்களுக்காக இப்பவே சொல்றேன் கேளுங்க. ஒரு ஊர்ல ஒரு நடுவர்...

இருங்க. மணி அடிக்குது.

ஒண்ணு... ரெண்டு... மூணு.

மூணா? திருமேனி எப்ப வந்தான்? வாசல்ல அவன் வண்டி நிக்குதா பாருங்க தம்பி. இல்லையா? நல்லா பார்த்தீங்களா, யாருமே இல்லையா?

அப்புறம் யாரைச் சொல்றா? இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்.